முக்கால் அத்தியாயக்காரர்

பல்செட் கட்டுபவரைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. போன மாதம் நடந்த மாரத்தானில் அவர் நடு ரோட்டில் நின்று, "வலிக்கவே இல்லையே" என்று அழுதாராம்.

வலிக்கிறது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம். வலிக்கப்போகிறதே என்று முன்பணமாக அழுகிறவர்களைப் பல் டாக்டர் வீட்டு வாசலில் தினமும் பார்க்கலாம். வலிக்கவில்லை என்று அழுத மனிதர் உண்டா? அதுவும் பல்லோடு சம்பந்தப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு?

சலூனில் சொன்னது இது. இஸ்திரிக் கடைக்கு வருவதற்குள், அவர் கால்சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்து ரோட்டோரம் உட்கார்ந்து படித்தார் என்று ஆகிவிட்டது. மருந்துக் கடையில் விசாரித்தால், பின்னாலேயே ஓடி வந்தவர் அவர் மனைவியாம், கையில் செருப்பாம், துரத்தினாராம், அதனால்தான் அவ்வளவு வேகமாம். மூன்றையும் சரிபார்த்துவிடுவது என்று கிளம்பினோம். சிரிக்காதீர்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

அதற்கு முன் ஆள் எந்த ரகம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஓட்டப் புத்தகம், சாகசப் புத்தகம் படிக்கிறவர்களில் ஒரு கூட்டம் ஓடாமல் படிக்கிற கூட்டம். சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி பனிச்சிகரம் ஏறுவார்கள், போர்வையை விலக்காமல் பாலைவனம் கடப்பார்கள். சாதுக்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை. நாம் பேச வந்தது மற்ற ரகத்து ஆளைப் பற்றி. இவர் விழுந்து விழுந்து படிப்பார். அதே அளவுக்கு நிஜமாக எழுந்து ஓடவும் ஓடுவார். படித்ததெல்லாம் காலில் இறங்கும். வம்பு அங்கேதான்.

துருவப் பயணம் போன ஒருவரின் புத்தகத்தை அவர் கையில் எடுத்தது நல்ல கோடையில். ஊரே மின்விசிறிக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கையில், கம்பளிக் கையுறை மாட்டி, காதை மூடும் குல்லாய் போட்டு, முகத்தில் எண்ணெய் வழிய, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வடதிசையை உறுதி செய்துகொண்டு பூங்காவைச் சுற்றி வந்த ஒரே ஜீவன் அவர்தான்.

"சார், காய்ச்சலா?" என்றார் பூங்காக் காவலாளி.

"பழகிக்கிறேன்பா."

"காய்ச்சலுக்கா?"

அடுத்து, தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுக் கடலைக் கடந்தவரின் புத்தகம். அது தீரும்வரை வீட்டு பிஸ்கட் டப்பாவுக்கு ரேஷன். ஆளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் பாதி. மனைவியின் தம்பி வந்து நாலைந்தை ஒரே பிடியாக அள்ளியபோது இவருக்கு முகம் வெளுத்தது.

"மச்சான், கரை தெரியற வரைக்கும் இதுதான் இருக்கு."

மச்சான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "எதிர்ல பேக்கரி தெரியுது மாமா" என்றான்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். அவனும் ஓடுகிறவன்தான். ஆனால் சட்டைக்காக ஓடுகிறவன். எந்தப் பந்தயத்துக்குப் பணம் கட்டினாலும் ஒரு பனியன் தருகிறார்களே, அதற்காக. கடையில் துணி வாங்கி வருஷக்கணக்காகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். புத்தகம் என்று அவன் முழுதாகப் படித்தது லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் 'அதிகபட்சம் ஆறு பேர்' மட்டும்தான். அதையும் அவன் நம்புவதில்லை.

புத்தகம் எழுதியவர்களை நம்மவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லாரும் 'நம்ம ஆளு'தான். "நம்ம ஆளு ஒருத்தன், மலை உச்சியில மாட்டிக்கிட்டான்" என்று ஆரம்பித்தால், கேட்பவருக்கு அது அவர் சித்தப்பா மகனா, போன நூற்றாண்டில் செத்துப்போனவனா என்று கடைசிவரை பிடிபடாது. எங்கே ஆரம்பிப்பார்? எங்கேயும். ஆனால் விசேஷமாகத் தன் கடையில்.

அந்தக் கடையைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று பக்கமும் அலமாரி. அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள். மெழுகு உருகும் வாசனை. மேசையில் ஒரு குட்டி ரம்பம், பாதி தேய்த்த கடைவாய்ப் பல், அதன்மேல் குப்புறக் கவிழ்த்த ஒரு சாகசப் புத்தகம். பல்செட் கட்டுவதில் முக்கியமான கட்டம் அச்சு எடுப்பது. ஒரு தகட்டில் குழைத்த மாவை வைத்து, வாய்க்குள் அழுத்தி, அது இறுகும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவரால் எழ முடியாது, பேச முடியாது, 'போதும்' என்று கையைத் தூக்கினால் 'வலிக்குதோ' என்று அவர் இன்னும் அழுத்துவார். இப்படிப்பட்ட சபை எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும்? ஒரு மேல்தாடைக்கு ஒரு பனிப்புயல், ஒரு கீழ்த்தாடைக்கு ஒரு பாலைவனம் என்று கணக்காகச் சொல்லி முடிப்பார்.

ஓய்வு பெற்ற தபால் அதிகாரி ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி உருட்டி ஏதோ முனகிக்கொண்டே இருந்தார். மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று பயந்து தகட்டை உருவினால், வாயெல்லாம் மாவோடு அவர் கேட்டது: "கயிறு அறுந்துச்சே, அப்புறம் கீழ தொங்கினவன் என்ன ஆனான்?"

கீழே தொங்கியவன் பிழைத்தான். அச்சு பிழைக்கவில்லை. மறுபடி குழைத்தார்கள்.

அவர் படிக்கும் அழகையும் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்து படிப்பதில்லை. வரியில் ஏற்றம் வந்தால் உடம்பு முன்னால் சாயும். இறக்கம் வந்தால் நாற்காலியின் முன்கால் தரையிலிருந்து எழும்பும். எழுத்தாளருக்குத் தாகம் எடுத்தால் இவர் தொண்டை ஏறி இறங்கும். கால் கட்டைவிரல் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன சொன்னாலும் ஒரே பதில்: "ம்."

அவர் மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது, ஏன் தாமதம் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். அவரிடம் சால்ஜாப்பு செல்லாது என்பது டிரைவர்களுக்குத் தெரியும்.

"கேஸ் தீர்ந்துபோச்சுங்க."

"ம்."

"எங்க அம்மா ஒரு மாசம் இங்க வந்து இருக்கப்போறாங்க."

"ம்."

"நான் கடல்ல விழுந்துட்டேன். துடுப்பை நீட்டுங்க."

"ம்... என்னது? யாரு விழுந்தது?"

இப்படி நாளொன்றுக்கு வண்டி வண்டியாக 'ம்' வந்து இறங்கிக்கொண்டிருந்த வீடு அது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இனி நோய்க்கு வருவோம். அவருடைய அலமாரியிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் நிறுத்திக் கையை விட்டாலும், அது தானாக ஒரே இடத்தில் பிளந்துகொள்ளும். முக்கால் பாகத்தில். அங்கேதான் பென்சில் கோடு, மடிப்பு, டீக் கறை எல்லாம். ஏன்? இந்த வகைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் முக்கால் பாகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கும். அதுவரை ஜோராகப் போய்க்கொண்டிருந்த ஆள் அங்கே தடாலென்று விழுவான். கால் நகம் கறுத்துக் கழன்று வரும். இனி முடியாது என்று உட்காருவான். அப்போது ஒரு பிரமை வரும்: செத்துப்போன அப்பாவோ, பிரிந்துபோன மனைவியோ பக்கத்தில் வந்து ஏதாவது சொல்லும். அவன் எழுந்திருப்பான். எழுந்திருப்பவன் பழைய ஆள் இல்லை, புது ஆள்.

நம்மவர் எத்தனையோ வருஷமாக ஓடுகிறார். ஒரு தடவை விழுந்ததில்லை. நகம் ஒன்றுகூடக் கறுத்ததில்லை. களைப்பு வரும், விலாவில் பிடிக்கும், ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்தது. வயிற்றுப்போக்கை யார் அத்தியாயமாக எழுதுவார்கள்? ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் முக்கால் தூரத்தில் வேகத்தைக் குறைத்து, விருந்தாளிக்குக் காத்திருப்பது போல் வலிக்குக் காத்திருப்பார். அது வராது. வராததை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே போனால் நேரம்தான் போகும். கூட்டம் கலைந்து, பந்தலைப் பிரிக்கும்போது வந்து சேருவார்.

அதனால்தான் மனைவி அவர் ஓடி முடித்துப் பார்த்ததே இல்லை. அவருக்கு டூட்டி இருக்கும். காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

"எங்க டிப்போவா இருந்தா உங்களை வராத வண்டின்னு எழுதி மூடியிருப்பேன்" என்பார்.

இந்தத் தடவை நம்மவர் கெஞ்சினார். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். தனக்கு மட்டும் ஏன் மச்சான் நிற்க வேண்டும்? மனைவி யோசித்தார். ஜென்மத்தில் டூட்டி மாற்றிக் கேட்காதவர், சக ஊழியர் ஒருவரிடம் கேட்டுக் காலை நேரத்தை வாங்கினார்.

"பத்து மணி வண்டியில நான் ஏறியாகணும். அதுக்குள்ள வந்துடுவீங்களா?"

"ம்" என்றார். புத்தகம் கையில் இல்லாமல், முகத்தைப் பார்த்துச் சொன்ன 'ம்'. மனைவிக்கே ஆச்சரியம்.

பந்தய நாளில் அவருக்கு நேர்ந்த கொடுமையை என்னவென்று சொல்வது? எல்லாம் நன்றாகவே நடந்தது. வானம் மூடாக்கு. காற்று முதுகுப் பக்கம். கால் இருப்பதே தெரியவில்லை. நன்றாக ஓடுகிறவர்கள் என்று பேர் எடுத்த பலரைத் தாண்டிப் போனார். இப்படியே போனால் பத்து மணி வண்டிக்கு வெகு முன்னால் வந்து சேர்ந்து, மனைவிக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர் அதைப் பொறுமையாக ஆற்றிக் குடிக்கவும் நேரம் இருக்கும்.

முக்கால் தூரப் பலகை வந்தது. அதையடுத்து ஒரு தண்ணீர் மேசை. நம்மவர் தன் உடம்பை மேலிருந்து கீழ்வரை விசாரித்தார். எங்கேயும் ஒன்றுமில்லை. ஒன்றும் ஆகாமல் ஓடி முடித்தால் அப்புறம் அதை எப்படிச் சொல்வது? ஒரு மேல்தாடைக்குக்கூடக் காணாதே. நின்றுவிட்டார்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி வங்கியில் வேலை பார்ப்பவர்; ஞாயிற்றுக்கிழமை சேவைக்காக வந்திருந்தார். நம்மிடம் நடந்ததைச் சொன்னவர் அவர்தான்.

"சார், மயக்கமா வருதா?"

"இல்லம்மா."

"கால் பிடிச்சிக்கிச்சா?"

"அதுவும் இல்ல."

"அப்ப ஏன் நிக்கறீங்க?"

"வலிக்கவே இல்லையேம்மா."

வங்கியில் பலதரப்பட்ட ஆட்களைச் சமாளித்தவர், இப்படி ஒரு புகாரை அன்றுதான் கேட்டார். முதலுதவிக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கோ காலையிலிருந்து ஒரு கேஸும் கிடைக்காத ஏக்கம். எங்கே என்னவென்று கேட்காமல் முழங்காலைப் பார்த்து வலி ஸ்ப்ரேயைப் பீய்ச்சினார். காற்றுதான் முதுகுப் பக்கம் என்றோமே? முதலுதவிக்காரர் நின்றிருந்தது பின்னால்; யாரென்று நம்மவர் குனிந்து திரும்பினார். ஸ்ப்ரே முழங்காலைத் தொடவில்லை. ஒரு துளி விடாமல் நம்மவர் முகத்தைச் சுற்றிக்கொண்டு கண்ணில் இறங்கியது. தாரை தாரையாகக் கண்ணீர். சலூன் வதந்தி பிறந்த இடம் இதுதான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஏதோ லிஃப்ட் கதை பேசிக்கொண்டே.

"என்ன மாமா, அழறீங்க?"

"முக்கால் வந்துடுச்சு மச்சான். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலன்னா நல்லதுதானே?"

"உனக்குப் புரியாது. நீ படிக்கறதில்ல."

"வலிதானே வேணும்? பத்து மணிக்கு மேல போய் அக்கா முன்னாடி நில்லுங்க, தானா கிடைக்கும்." சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பனியன் முன்னமே வாங்கியாகிவிட்டது. பதக்கமும் வாழைப்பழமும்தான் பாக்கி.

நம்மவர் ரோட்டோரம் உட்கார்ந்தார். நகமாவது கறுத்திருக்கிறதா என்று ஷூவைக் கழற்றிப் பார்த்தார். பத்தும் பிறந்த குழந்தைக்கு இருப்பது போல ரோஜா நிறத்தில் இருந்தன. மனம் வெறுத்துப்போய், அங்கேயே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம்? டீ குடித்திருக்கலாம், ஆற்றியும் குடித்திருக்கலாம்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்களும் இப்போது இந்தக் கட்டுரையின் முக்கால் பாகத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஆள் எப்போது விழுவான் என்று காத்திருக்கிறீர்கள், இல்லையா? சரி, சரி. மேலே வாருங்கள்.

ஓடிக்கொண்டே இருந்த கால் திடீரென்று உட்கார்ந்தால் என்ன செய்யும்? விறைத்துக்கொண்டது. ஷூவை மாட்ட முழங்காலை மடக்கினார். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து இழுத்தது. "அம்மா" என்றார். அப்புறம் சிரித்தார். வந்துவிட்டது. எத்தனை வருஷக் காத்திருப்பு. வங்கிப் பெண்மணி சொல்கிறார்: "லாட்டரி விழுந்தவர் மாதிரி நொண்டிக்கிட்டே போனார் சார்."

ஒரு காலை இழுத்து, ஒரு காலை உதறி, பல்லைக் கடித்து (சொந்தப் பல்), ஒவ்வொரு அடியையும் ஒரு வாக்கியமாக மனசுக்குள் எழுதிக்கொண்டு போனார். வலி வந்துவிட்டது, அடுத்து வர வேண்டியது பிரமை. டயர் கடை தாண்டியதும் அது வந்தது.

முடிவுக் கோட்டில் நின்று நின்று பார்த்த மனைவி, பத்து மணி நெருங்கியதும் பந்தயப் பாதையிலேயே எதிர்த்திசையில் நடந்து வந்துகொண்டிருந்தார், வழியில் எங்கேயாவது கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அப்படியே சிக்னலில் வண்டி ஏறிவிடலாம் என்று. டிப்போ சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. நொண்டி வருகிறவரைப் பார்த்ததும் திரும்பிக் கூடவே நடந்தார். நடந்து ஈடுகொடுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவே ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர் பார்த்த காட்சி இது.

நம்மவர் ஓரக்கண்ணால் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது. இதேதான். புத்தகத்தில் உள்ளபடியே. ஆனால் எல்லாப் புத்தகத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பிரமைக்குப் பதில் சொல்லாதே. பதில் சொன்னவன் உட்கார்ந்துவிடுவான். அப்புறம் எழுந்திருக்க மாட்டான்.

"ஏங்க, கால்ல என்ன?"

பதில் இல்லை.

"தண்ணி வேணுமா? ஏங்க, நான்தாங்க."

பிரமை அப்படித்தான் சொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? தொலைதூரத்தைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார்.

மனைவி கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். மூச்சு வாங்கியது. கணவர் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. சிக்னல் வந்தது. பஸ்ஸும் வந்தது. ஏறுவதற்கு முன் சொன்னார்: "நல்லா ஓடறீங்க."

நம்மவர் கண்ணில் மறுபடி நீர். இந்தத் தடவை ஸ்ப்ரே இல்லை. ஆனால் வாய் திறக்கவில்லை. பஸ் திரும்பிப் போய்விட்டது.

முடிவுக் கோட்டில் மச்சான் வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தான். "அக்கா உங்களைத் தேடிக்கிட்டுத்தான் போனா. வழியில பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன்" என்றார் நம்மவர், மேகத்தைப் பார்த்தபடி. "ஆனா அது அவ இல்ல."

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் நடுங்கும் குரலில் சொன்னார். மனைவி பொறுமையாகக் கேட்டார்.

"அது நான்தாங்க."

"அப்படித்தான் தோணும். அவ்வளவு நிஜமா இருந்துச்சு."

"டிப்போ சட்டை போட்டிருந்தேனே."

"ஆமா. அதுகூடத் தெரிஞ்சுது."

"கையில செருப்பு."

"இடது கையில. இப்பகூடக் கண்ணுல நிக்குது."

"'நல்லா ஓடறீங்க'ன்னு சொன்னேன்."

நம்மவர் பரிவோடு சிரித்தார். "அதை வெச்சுத்தானே பிரமைன்னு உறுதி பண்ணினேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ என்னிக்காவது அப்படிச் சொல்லியிருக்கியா?"

மனைவி யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லைதான். எழுந்து போய்விட்டார்.

இப்போது கடையில் அந்த அத்தியாயம்தான் ஓடுகிறது. மாவு வாயோடு உட்கார்ந்திருப்பவர்கள் டயர் கடை வந்ததும் கண் கலங்குகிறார்கள். வதந்தியின் மிச்சத்தையும் சரிபார்த்தோம்: புத்தகத்தைக் கால்சட்டைக்குள் ஒளித்து வைத்துப் படித்தார் என்றது பொய். புத்தகம் தலைக்குள் இருந்தது.

மனைவியை டிப்போவில் பார்த்தோம். வண்டி ஒன்று தாமதமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. "அவருக்காக 'நல்லா ஓடறீங்க' என்று இன்னொரு தடவை சொல்லிவிடுங்களேன். நேருக்கு நேர் சொன்னால் நம்பிவிடுவார்" என்றோம்.

"சொன்னதுக்கு ஒரு 'ம்' வரட்டும் சார் முதல்ல" என்றார், தலையை நிமிர்த்தாமல். "வீட்டுல கேக்காமலே வாரி இறைப்பாரு. செருப்பைக் கழட்டிட்டு ஓடி வந்து கேட்ட அன்னிக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. பழைய பாக்கி நிக்கும்போது நான் புதுசா ஒண்ணும் குடுக்கறதில்ல."

பாவம் என்று யாருக்காகவோ உச்சுக்கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். நீங்கள் ஓடுகிறவர் இல்லை, கையுறை மாட்டுகிறவர் இல்லை. ஆகவே இது உங்களைப் பற்றியது இல்லை. நல்லது. ஆனால் கயிறு அறுந்து ஒருவன் தொங்கினானே, அந்த இடத்தில் நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள்? தெரியாதா? போகட்டும், 'ம்' என்றாவது சொன்னீர்களா, இல்லை அது பிரமை என்று விட்டுவிட்டீர்களா?

பல்செட் கட்டுபவர் அடுத்த புத்தகத்தை எடுத்தாயிற்று. எரிமலை ஏறியவர் கதை, அதிலும் முக்கால் பாகம் வந்துவிட்டது. வீட்டில் கேட்டதற்கும் கேட்காததற்கும் 'ம்' வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது. டயர் கடைக்கும் சிக்னலுக்கும் நடுவே வர வேண்டிய அந்த ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை.